ராயல் பாஸின் கடைசித் தேதி

பிஜிஎம்ஐ என்ற மொபைல் ஆட்டத்தை விளையாட ஒரு பைசா தர வேண்டியதில்லை. ஆவடியில் பத்தாவது படிக்கும் பையன் அப்பாவின் பழைய போனில் இறக்கிக்கொண்டு, நூறு பேர் குதிக்கும் அதே தீவில் தானும் குதிக்கலாம். வருமானம் வருவது உடுப்பிலும் துப்பாக்கி மேல் ஏறும் ஸ்கின்னிலும்தான். அவை குண்டின் வலுவைக் கூட்டுவதில்லை. பிறகு ஏன் வாங்குகிறார்கள்? சூதாட்ட மோகம் என்பது வழக்கமான பதில். கிரேட் எனப்படும் பெட்டிக்கு அது பொருந்தும்: உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு கட்டித் திறக்கிறோம். பெல்ஜியம் 2018-ல் அப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. ஆனால் இந்த இயந்திரத்தை ஓட வைக்கும் முதன்மை உறுப்பு அதிர்ஷ்டம் அல்ல, காலண்டர்.

ராயல் பாஸை எடுத்துக்கொள்வோம். கீழே விழுந்த கூட்டாளியைத் தூக்கிவிடு, குறிப்பிட்ட துப்பாக்கியால் இத்தனை பேரை வீழ்த்து என்று மிஷன்கள் வரும். முடித்தால் பாயின்ட், பாயின்ட் சேர்ந்தால் ரேங்க், ரேங்க் ஏறினால் பரிசு. இலவச வரிசையில் கிடைப்பது சொற்பம். காசு கொடுத்து ஏற்றும் ஆட்ட நாணயமான யூசியைக் கட்டியவருக்குத்தான் நல்ல பரிசுகள். சீசன் முடியும் நாளில், எட்டாத ரேங்குகளின் பரிசுகள் கைவிட்டுப் போகும். எல்லோரும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். 2013-ல் டோட்டா 2 போட்டியை ஒட்டி வந்த காம்பெண்டியத்தில் முளைத்த இந்த ஏற்பாடு, 2017 டிசம்பரில் 950 வி-பக்ஸ் (அந்த ஆட்டத்தின் நாணயம்) விலையில் ஃபோர்ட்நைட்டில் முழு உருப் பெற்று உலகெங்கும் பரவியது. ஃபோர்ட்நைட்டில் பாஸை முழுதாக முடித்தால் அடுத்த பாஸுக்கான நாணயம் அதிலேயே கிடைத்துவிடும். பாதியில் விட்டால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ இந்தியாவுக்கு வந்தபோது, சுமார் இரண்டு மாதம் ஓடிய நூறு ரேங்க் பாஸ், 360 யூசிக்கு ஐம்பது ரேங்க் கொண்ட மாதப் பாஸாகச் சுருங்கியிருந்தது. பரிசின் தன்மை மாறவில்லை, கெடுதான் நெருங்கி வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டெண்டன்ஸ் போனஸ் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: ஒரு நாள் லீவு போட்டாலும் அந்த மாதத் தொகை போச்சு. அதே கணக்குதான் இங்கும். வித்தியாசம், இங்கே ஆஜராகிறவரே பணமும் கட்டுகிறார்.

சர்வர் ஓட வேண்டும், புது மேப் வர வேண்டும், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. ஆட்டம் நடத்துகிறவர் சம்பாதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குக் கெடு தேவைதானா? 2021-ல் வந்த ஹேலோ இன்ஃபினிட்டின் பலர் ஆடும் பகுதி இலவசம்தான். அதில் வாங்கிய பேட்டில் பாஸ் எனும் இதே வகைப் பாஸ் காலாவதியாவதில்லை; ஆறு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து ஏறலாம். 2024-ல் வந்த ஹெல்டைவர்ஸ் 2-இன் வார்பாண்டு எனும் பாஸ்களுக்கும் கடைசித் தேதி கிடையாது. காசு கொடுத்த பொருளை அவரவர் வசதிப்படி அனுபவிக்க விடுவது முடியாத காரியம் அல்ல என்பதற்கு இவையே சாட்சி.

பெற்றோர் கண்காணித்தால் போதும் என்பார்கள். கண்காணிப்பு வேண்டும்தான், ஆனால் இப்போதுள்ள வரம்புகள் காலண்டரைத் தொடுவதில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் ஒரு நாளில் 7,000 ரூபாய் வரை செலவிடலாம் என்பது பிஜிஎம்ஐ வந்தபோது வைத்த உச்சவரம்பு. ஒப்பந்தத் தொழிலாளி பல ஷிப்ட் பார்த்துச் சம்பாதிக்கும் தொகை அது! இடையில் தடைபட்டிருந்த ஆட்டம் 2023 மே மாதம் திரும்பியபோது அவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்ற கட்டும் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கெடு அப்படியே இருக்க, ஒரு நாள் ஆடும் நேரத்தை மட்டும் குறைத்தால், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக முடிக்க வழியில்லை. பரீட்சை வாரத்திலும் கொஞ்சமாவது உள்ளே வந்துபோக வேண்டியதாகிறது.

சட்டமும் பணத்தையே பார்க்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸையும் சமூக விளையாட்டுகளையும் ஊக்குவிக்கிறது. பாஸில் பணம் திரும்பி வருவதில்லை. அதனால் அந்தத் தடைக்குள் அது எளிதில் சிக்காது. ஆனால் நேரத்தை ஒழுங்குபடுத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அதே ஆண்டு பிப்ரவரியில் மாநில ஆன்லைன் விளையாட்டு ஆணையம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நுழையத் தடை விதித்தது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. நேரத்தில் கைவைக்க அரசுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு, சிறுவர்கள் ஆடும் ஆட்டத்தில் காசு கொடுத்து வாங்கிய பாஸ் காலாவதியாகக் கூடாது என்று விதி செய்யத் தயங்க வேண்டியதில்லை.

அந்த விதி வரும்வரை, வாங்கியே தீருவேன் என்கிற பிள்ளைக்குச் சொல்ல ஒன்று உண்டு. பாஸை சீசனின் கடைசி நாளில் வாங்கினாலும் அதுவரை ஏறிய ரேங்குகளின் பரிசு அத்தனையும் அப்போதே கைக்கு வந்துவிடும். எந்தப் பரிசுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் முழுதாகத் தெரியும். எனவே முதல் நாளே யூசி ஏற்ற வேண்டாம்.