மாஞ்சோலையில் காரை நிறுத்தினால் அலாரம் சும்மா சும்மா அலறுதா? கூடுதல் சென்சார் மாட்டும்போது ஒயரில் கவனம்!

அம்பை:

மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி, வளைவு வளைவாக மலை ஏறி, மாஞ்சோலையில் காரை நிறுத்திட்டு பத்து அடி நடப்பதற்குள் அலாரம் அலறுகிறது. பதறி ஓடி வந்து பார்த்தால் களவாணி யாரும் இல்லை. பானெட் மேல் குரங்கு!

காரணம் பெரும்பாலும் பிறகு மாட்டிய 'ஷாக் சென்சார்'தான். சாதாரண அலாரம் கதவு, பானெட், டிக்கி திறந்தால்தான் கத்தும். கண்ணாடியை உடைத்து பையை எடுத்தால் அதுக்குத் தெரியாது. அதனால்தான் அதிர்வு, சாய்வு, உள்ளே ஆள் அசைவு பார்க்கும் சென்சார்களை வாங்கி மாட்டுகிறார்கள்.

கோளாறு ஒயரில் இருக்கிறது. பல கார்களில் கதவு திறந்தால் சுவிட்ச் 'எர்த்' கொடுக்கும். அதைப் பார்த்து அலாரம் கத்தும். புது சென்சாரையும் அதே ஒயரில் அப்படியே முறுக்கிவிட்டால், சென்சார் அதிரும்போது கதவு திறந்ததாக நினைத்து உள் விளக்கு எரியும். ஒவ்வொரு ஒயரிலும் ஒரு டயோடு (4007 என்று கேட்டால் கடையில் தருவார்கள்) போட வேண்டும். எர்த் கொடுக்கிற சென்சாராக இருந்தால், டயோடின் கோடு போட்ட முனை சென்சார் பக்கம் இருக்கணும். திருப்பிப் போட்டால் அலாரம் கத்தவே கத்தாது. டீ காசுகூட ஆகாத சாமான் இது, ஆனா பலபேர் போடுவதே இல்லை.

ஷாக் சென்சாரில் இரண்டு கட்ட ரகம் நல்லது. லேசாகத் தட்டினால் 'கீச்' என்று எச்சரிக்கும், ஓங்கி அடித்தால் மட்டும் சைரன். குரங்குக்கு கீச் போதும். சாய்வு சென்சார் என்றால், பூட்டும்போது உள்ள சரிவையே கணக்கில் எடுப்பதாகப் பார்த்து வாங்கணும். மேட்டில் நிறுத்துகிறோமே!

மழையை மறக்கக் கூடாது. பக்கத்து நாலுமுக்கும் ஊத்தும் தமிழகத்தில் அதிக மழை கொட்டும் இடங்கள். டேப் சுற்றிய இணைப்பு ஈரத்தில் பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் போடணும்.

சென்சார் கூடக்கூட பேட்டரியும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கப்படும். நாள்கணக்கில் ஓட்டாமல் கிடந்த காரை மலைக்கு எடுத்து வந்து, மேலே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அம்பைக்கோ கல்லிடைக்குறிச்சிக்கோ ஆள் அனுப்பித்தான் மெக்கானிக்கைக் கூட்டி வரணும். போதாக்குறைக்கு இது 1988-ல் அறிவித்த புலிகள் காப்பகம். இங்கே சைரன் விடாமல் கத்தினால் குரங்கோடு போகாது, யானையும் மிரளும்.

மஞ்சள் உறை போட்ட ஒயர் ஏர்பேக்குக்குப் போவது. அதில் எதையும் இணைக்க விடாதீங்க.