பொத்தேகா

இத்தாலிய மொழியில் தொழில் செய்யும் இடத்துக்குப் பெயர்கள் பல உண்டு. இயந்திரங்களைப் பழுது பார்க்குமிடம் 'ஒஃபிச்சீனா'. தையல், பலகாரம் முதலிய கைவேலை நடைபெறுமிடம் 'லபோரதோரியோ'. ஆயினும் நம் அங்கத்தினர்கள் அறியத் தக்கது 'பொத்தேகா' என்னும் சொல்லே. பட்டறை, கடை என்னும் இரண்டையும் அது ஒருங்கே குறிக்கிறது.

கிரேக்கத்தில் களஞ்சியத்தைக் குறித்த 'அபோதேக்கே' என்பதே இதன் மூலம். அதே வேர் ஜெர்மானியருக்கு மருந்துக்கடையாயிற்று; பிரெஞ்சுக்காரருக்குச் சிறு கடையாயிற்று. நம் நகரங்களில் விலையுயர்ந்த சேலை விற்கும் 'பொட்டிக்'குகளும் இந்தக் களஞ்சியத்தின் வழித்தோன்றல்களே!

15ஆம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகரத்து ஓவியரும் பொற்கொல்லரும் பொத்தேகா வைத்தே பிழைத்தனர். சிறுவர்கள் வர்ணம் அரைப்பதில் தொடங்கி அங்கே தொழில் கற்றனர். 'பொத்தேகாவுக்குப் போதல்' என்றாலே தொழில் பழகச் செல்லுதல் என்று பொருள். 1488இல் 13 வயது மைக்கேலாஞ்சலோவை அவன் தந்தை கிர்லாண்டாயோ என்னும் ஓவியரின் பொத்தேகாவில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தார். முதலாண்டு 6, அடுத்த ஆண்டு 8, மூன்றாம் ஆண்டு 10, ஆக 24 புளோரின் சம்பளம் என்று வசாரி தம் நூலில் பதிந்துள்ளார். கற்கும் சிறுவனுக்கு ஆசான் கூலி தந்ததையும், அக்கூலி ஆண்டுதோறும் உயர்ந்ததையும் கவனிக்க வேண்டும்.

எனினும் பொத்தேகாவைக் கூட்டுறவென்று மயங்குதல் ஆகாது. செய்தவர் பலர், பெயர் ஒருவருடையது. வெரோக்கியோவின் 'கிறிஸ்துவின் திருமுழுக்கு' ஓவியத்தில் ஒரு தேவதூதனைத் தீட்டியவர் அங்கே பயின்ற லியோனார்டோ, பட்டறையோ ஆசானுடையது. 'பொத்தேகா வேலை' என்று குறிக்கப்பட்ட பழைய ஓவியம், ஆசானே தீட்டியதைவிடக் குறைந்த விலைக்குத்தான் இன்றும் போகிறது. தறியில் அமர்ந்தவர் பெயர் சேலையில் இராமை நாம் அறிந்ததே.

'பொத்தேகாவை மூடுதல்' என்றால் தொழிலைக் கைவிடுதல். 'வீடும் பொத்தேகாவும்' என்பது, குடியிருக்கும் இடத்திலேயே உழைப்பவரைக் குறிக்கும் வழக்கு. வீட்டுக்குள்ளேயே தறிக்குழி உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு, தனியார் ஆதாயத்தை நாடாத கூட்டுறவின் சமூகப் பணியை ஏற்கிறது. கைத்தொழிலைப் பேணுவதும் அதே பிரிவில் கூறப்படுகிறது. கூட்டுறவின் தன்மை கெடாதிருக்கத் தக்க மேற்பார்வை வேண்டுமென்றும் அங்கே கண்டிருக்கிறது. தணிக்கைக்கு வரும் எங்களைப் போன்றோருக்கும் அதில் ஓர் இடம் உண்டு!