வெல்லாவெளியின் செம்முதுகு மரங்கொத்தி

மரங்கொத்தியினத்துக்கு மரமே உறைவிடமும் உணவிடமும் ஆகும். மரமரிதான சொனோராப் பாலையிற்கூட, கீலா மரங்கொத்தி சகுவாரோ என்னும் பெருங்கள்ளியைக் குடைந்து வாழ்கின்றது. படுவான்கரையிலுள்ள வெல்லாவெளி பாலையன்று. எனினும் மாதக்கணக்காக மழை பொய்க்கும் உலர் வலயத்தைச் சார்ந்தது. ஆங்கு வயலோர மரங்களிலும் தென்னந்தோப்புக்களிலும் வாழ்வது செம்முதுகு மரங்கொத்தி.

முதுகின் நிறமொன்றையே கொண்டு இதனைத் துணிதல் தவறாகும். இலங்கைக்கே உரிய பெரிய மரங்கொத்தியொன்றும் செம்முதுகுடையதே. ஆயின் அதன் அலகும் கண்ணும் வெளிறியவை. இதன் அலகும் கண்ணும் கருமை சார்ந்தவை. ஆணின் உச்சி முழுவதும் சிவப்பு. பெண்ணின் முன்னுச்சி வெண்புள்ளியிட்ட கருமை, பின்கொண்டை மட்டுமே சிவப்பு.

யாழ்ப்பாணத்து மரங்கொத்தியின் முதுகோ பொன்னிறம். இவ்விரண்டும் சந்திக்கும் இடைநிலத்திற் செம்மஞ்சள் முதுகுடைய கலப்புப் பறவைகள் தோன்றுகின்றன. ஆதலால் இரண்டும் ஓரினமே என நெடுங்காலம் கருதப்பட்டது. 2016இல் வெளியான ஆய்வொன்று, உருவத்தையும் மரபணுவையும் ஒப்பிட்டு, செம்முதுகுடையது தனியினமே என்னும் முடிவுக்கு வந்தது.

இவை கைவிட்ட பொந்துகளிலே மைனாவும் கிளியும் குஞ்சு பொரிப்பதுண்டு. எனவே பட்டமரமொன்றைத் தறிக்குமுன் அதிலே பொந்துளதோ என நோக்குதல் நன்று.