மலையைக் காத்த சங்கம்!

சண்டிகர் நகரில் சுக்னா என்று ஓர் அழகான ஏரி இருக்கிறது. 1958-ம் ஆண்டு, ஓர் ஓடையின் குறுக்கே அணை கட்டி அதை உண்டாக்கினார்கள்.

20 ஆண்டுகூட ஆகவில்லை. ஏரியின் பெரும் பகுதி தூர்ந்துவிட்டது!

அவ்வளவு மண்ணும் எங்கிருந்து வந்தது?

மொட்டை மலை

மண் வந்த வழியைத் தேடி அதிகாரிகள் மேலே போனார்கள். சிவாலிக் மலை அடிவாரத்தில், அரியானா மாநிலத்தைச் சேர்ந்த சுகோமாஜ்ரி என்ற சிற்றூர் இருந்தது. அதன் மேலே மலை மொட்டையாக நின்றது. மரங்களை வெட்டிவிட்டார்கள். புல்லை ஆடு மாடுகள் மேய்ந்துவிட்டன. மழை பெய்தால் மண் கரைந்து ஓடியது.

ஊரார் பாவம், என்ன செய்வார்கள்? வானம் பார்த்த பூமி. விளைச்சல் போதாது. ஆடு மாடு இல்லாவிட்டால் அடுப்பு எரியாது.

சிக்கல்

மண் பாதுகாப்பு நிபுணர் பி.ஆர்.மிஸ்ரா அந்த ஊரில் வேலையைத் தொடங்கினார். 1976-ம் ஆண்டு, ஊருக்கு மேலே ஒரு சிறிய மண் அணை எழுந்தது. தேங்கிய மழை நீர் வயலுக்குப் பாய்ந்தது.

ஆனால், நிலம் உள்ளவருக்குத்தான் தண்ணீர். நிலம் இல்லாதவர் எதற்காக மேய்ச்சலை நிறுத்துவார்? சில வீட்டு ஆடுகள் மலை ஏறினால் போதும். மற்றவர்கள் பட்ட பாடு வீண்!

வீட்டுக்கு ஒரு பங்கு

ஊரார் கூடிப் பேசினார்கள். சங்கம் அமைத்தார்கள். தண்ணீரில் எல்லா வீட்டுக்கும் சம பங்கு என்று முடிவு செய்தார்கள். நிலம் அதிகம் இருந்தாலும் ஒரு பங்குதான். நிலமே இல்லாவிட்டாலும் ஒரு பங்கு உண்டு! நிலம் இல்லாதவர் தம் பங்கை விற்றுக் கொள்ளலாம்.

அதற்கு ஈடாக, மலையில் ஆடு மாடுகளை மேயவிடக் கூடாது.

முள்வேலி போடவில்லை. ஊரே வேலி ஆனது!

பாலும் பணமும்

மலையில் புல் வளர்ந்தது. அதை அறுத்து வந்து, மாடுகளைக் கட்டிப் போட்டு வளர்த்தார்கள். ஆடுகள் குறைந்தன. எருமைகள் பெருகின. பால் விற்ற காசு வீட்டுக்கு வந்தது. கோதுமை விளைச்சலும் கூடியது.

பாப்பர் என்ற ஒரு வகைப் புல்லும் அங்கே வளர்ந்தது. அது கயிறு திரிக்கவும், காகிதம் செய்யவும் உதவும். வெளியூர்க் குத்தகைக்காரர் அடைந்த லாபம், சங்கத்துக்கு வந்தது.

சுக்னா ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மண்ணும் வெகுவாகக் குறைந்தது.

எப்போதும் கவனம் தேவை

பிற்காலத்தில் அணைகளில் வண்டல் சேர்ந்தது. புல் வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்று வனத்துறையோடு பிணக்கும் வந்தது. சங்கம் தளர்ந்தது. அணையை மட்டும் அல்ல, சங்கத்தையும் அவ்வப்போது பழுதுபார்க்க வேண்டும்!

ஒரு விவசாயி தன் வயலுக்கு வரப்பு போடலாம். தண்ணீர் வருகிற மலையை அவர் ஒருவரே காக்க முடியாது. ஊர் சேர்ந்தால் முடியும். எல்லாருக்கும் பங்கு கொடுத்தால்தான் ஊர் சேரும்!