ஜன்னலுக்கு வெளியே 16 மணி நேர இரவு

டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் லண்டனில் காலை 8 மணிக்குப் பிறகுதான் சூரியன் தலைகாட்டும். மாலை 4 மணி ஆவதற்குள் மறைந்துவிடும். எடின்பரோவில் பகல் என்பது முழுதாக 7 மணி நேரம்கூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இந்த வாரங்களில் பிரிட்டன்காரர்கள் வீட்டுக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள். ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. கூடத்து மூலையில் விளக்குச் சரம் சுற்றிய மரம், அலமாரி மேல் வாழ்த்து அட்டைகள், ஓவனில் வேகும் மின்ஸ் பை வாசனை. சமையலறை ஜன்னலுக்கு அப்பால், தோட்டத்துக் கம்பியில் நிலக்கடலைக் கூடும் கொழுப்பு உருண்டையும் தொங்குகின்றன. அவற்றை மொய்க்கும் சிறு பறவைகளைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிப்பது அந்த நாட்டின் குளிர்காலச் சுகங்களில் ஒன்று.

ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்கு அது வேடிக்கை. வெளியே இருக்கும் பறவைக்கோ அன்றைய இரவைத் தாண்டுவதற்கான கடைசி நேரக் கொள்முதல்.

ஒரு கிராம் கொழுப்பு

அந்தத் தோட்டங்களில் அதிகம் தென்படும் பறவைகளில் ஒன்று புளூ டிட். நம் மலைக்காடுகளில் திரியும் பட்டாணிக் குருவியின் உறவு. நீலத் தொப்பி, மஞ்சள் வயிறு, எடை சுமார் 11 கிராம். வெளியே உறைபனி விழும்போதும் இதன் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தாக வேண்டும். உடல் சிறிதாக இருப்பதுதான் இதில் பெரிய சிக்கல். அண்டா நிறைய இருக்கும் வெந்நீரைவிட டம்ளர் காபி சீக்கிரம் ஆறிப்போவதுபோல, சிறிய உடல் தன் கனத்துக்கு மிஞ்சிய பரப்பின் வழியே வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும்.

இதைச் சமாளிக்கப் பறவையிடம் சில உபாயங்கள் உண்டு. இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டால் அடிப்பகுதியின் மென்தூவிகளுக்கு இடையே காற்று சிறைபடும். வெப்பம் எளிதில் கடக்காது. குளிர் நாட்களில் பறவைகள் பந்துபோல உருண்டு தெரிவது இதனால்தான். இறகில்லாத கால்களில் வேறொரு ஏற்பாடு. உடலிலிருந்து இறங்கும் சூடான ரத்தக்குழாயும் பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒட்டி உரசிச் செல்கின்றன. இறங்கும் ரத்தத்தின் சூடு ஏறும் ரத்தத்துக்குக் கைமாறிவிடுவதால், பாதம் குளிர்ந்தே கிடக்கும். வெப்பம் உடலுக்குள்ளேயே தங்கிவிடும். இவையும் போதாதபோது நெஞ்சுத் தசைகளை நடுக்கி வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

நடுக்கத்துக்கு எரிபொருள் வேண்டுமே. அது பகலில் சேர்த்த கொழுப்பு. கடுங்குளிர் இரவொன்றில் சிறு பறவைகள் தம் எடையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எரித்துவிடும். புளூ டிட்டுக்கு அது ஒரு கிராம் சொச்சம். பிரிட்டனின் மிகச் சிறிய பறவையான கோல்ட்கிரஸ்ட் ஐந்து, ஆறு கிராம்தான் இருக்கும். அது ஐந்தில் ஒரு பங்கை இழக்கக்கூடும். விடிந்ததும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடக்கம். இருப்பதோ 8 மணி நேரத்துக்கும் குறைவான வெளிச்சம்.

சில இனங்கள் செலவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நீள்வால் டிட்கள் ஒரே கிளையில் வரிசையாக ஒட்டி உட்கார்ந்து இரவைக் கழிக்கின்றன. தனிமை விரும்பியான ரென் பறவைகூடக் குளிர் முற்றினால் கூட்டம் கூடும். 1969-இல் நார்ஃபோக் பகுதியில் ஒரே கூட்டுப்பெட்டிக்குள் 61 ரென்கள் அடைந்திருந்தன. அப்படியும் எல்லாக் குளிர்காலங்களையும் வெல்ல முடிவதில்லை. 1962-63-இன் கொடும் குளிருக்குப் பிறகு பிரிட்டனின் ரென்களில் சுமார் 80 சதவீதம் மறைந்துபோயிருந்தன.

கொழுத்தாலும் ஆபத்து

அப்படியானால் கிடைக்கும்போதெல்லாம் தின்று கொழுத்துக்கொள்ள வேண்டியதுதானே? கொழுத்த பறவை சட்டென மேலெழும்ப முடியாது. அதுவே வல்லூறுக்கு வாய்ப்பு. ஆக்ஸ்ஃபோர்டு அருகே உள்ள வைதம் காட்டில் 1947 முதல் கிரேட் டிட் பறவைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். ஸ்பேரோஹாக் என்ற வல்லூறு இனம் பூச்சிக்கொல்லி நஞ்சால் 1950களின் இறுதியிலும் 60களிலும் பிரிட்டனின் பல பகுதிகளில் அழிந்துபோனது. நஞ்சுகளுக்குக் கட்டுப்பாடு வந்ததும் மெல்லத் திரும்பியது. இந்தக் காலம் நெடுகிலும் டிட்களைப் பிடித்து எடை போட்ட பதிவுகள் இருந்தன. அவற்றை அலசி ஆண்ட்ரூ காஸ்லரும் சகாக்களும் 1995-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை சொன்னது இதுதான்: வல்லூறு இல்லாத ஆண்டுகளில் டிட்கள் கொழுத்திருந்தன, வல்லூறு திரும்பியபின் இளைத்துவிட்டன.

ஆக, அந்தக் கம்பிக்கூட்டில் தொங்கும் பறவை இரண்டு சாவுகளுக்கு நடுவே எடையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. குறைவாகத் தின்றால் இரவில் பட்டினி. அதிகமாகத் தின்றால் பகலில் வல்லூறு. அந்திக்கு முன் தீனிக்கம்பத்தில் நெரிசல் கூடுவதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணம். கொழுப்பைப் பகல் முழுக்கச் சுமந்து திரிவதைவிட, உறங்கப் போகும் நேரத்தில் சேர்த்துக்கொள்வது லாபம்.

அட்டையிலிருந்து இறங்கிய ராபின்

வீட்டுக்குள் அலமாரி மேல் இருக்கும் வாழ்த்து அட்டைகள் பலவற்றில் ஒரு பறவை இருக்கும்: சிவந்த மார்புள்ள ராபின். வணிக ரீதியிலான முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-இல் ஹென்றி கோல் என்பவரின் முயற்சியில் லண்டனில் அச்சானது. அட்டைகளைச் சுமந்து வந்த அக்காலத் தபால்காரர்களின் சீருடை சிவப்பு. மக்கள் அவர்களை ராபின் என்றே அழைத்தார்கள். பிறகு ஓவியர்கள் ராபினின் அலகில் கடிதத்தைக் கொடுத்து அட்டையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

அட்டையில் சாந்தமாக இருக்கும் இந்தப் பறவை தோட்டத்தில் எல்லைச் சண்டைக்காரன். மற்ற பறவைகள் பெரும்பாலும் வாய்மூடிக் கிடக்கும் டிசம்பரிலும் ராபின் பாடும். ஆணோடு பெண்ணும் பாடும். குளிர்காலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி எல்லை. உள்ளே இருக்கும் புழு பூச்சி எல்லாம் தனக்கே என்ற அறிவிப்புதான் அந்தப் பாட்டு. டெவன் மாவட்டத்தின் டார்டிங்டனில் பள்ளி ஆசிரியராக இருந்த டேவிட் லாக், ராபின்களின் காலில் வளையமிட்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். பாடம் செய்த ராபினை எல்லைக்குள் வைத்தார். சொந்தக்கார ராபின் அதைத் தாக்கியது. வெறும் சிவப்பு இறகுக் கொத்தை வைத்தார், அதையும் மிரட்டியது. சிவப்பு மார்பு வராத இளம் ராபினின் உருவத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. இவற்றையெல்லாம் 1943-இல் புத்தகமாக்கினார். வைதம் காட்டு டிட் ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவரும் இவர்தான். கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில்தான் இந்தச் சண்டைக்காரர்கள் இணைசேரத் தொடங்குகிறார்கள். பெண் ராபின் தன் எல்லையை விட்டு ஆணின் எல்லைக்குள் குடியேறுகிறது.

தீனி மாற்றிய பறவைகள்

பிரிட்டனில் ஏறக்குறைய பாதி வீடுகள் பறவைகளுக்குத் தீனி வைக்கின்றன. இவ்வளவு உணவு ஆண்டுதோறும் தோட்டங்களில் கொட்டும்போது, அது பறவைகளின் இயல்பையே அசைத்துப் பார்க்காமல் விடாது. 1970களில் தீனிக்கம்பங்களில் சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும்தான் பெரும்பான்மை. இன்று கடலை, சூரியகாந்திப் பருப்பு, நைஜர் விதை, கொழுப்பு உருண்டை என்று பட்டியல் நீள, விருந்தாளிகளின் வகையும் பெருகிவிட்டது. அன்று அபூர்வமாக வந்துபோன கோல்ட்ஃபின்ச் இன்று பெரும்பாலான தீனித் தோட்டங்களில் வாடிக்கையாளர்.

இன்னும் ஆழமான மாற்றம் பிளாக்கேப் பறவையில் நிகழ்ந்திருக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா பகுதிகளில் இனப்பெருக்கம் செய்யும் இவற்றில் பல, குளிர்காலத்தில் தென்மேற்காகப் பறந்து ஸ்பெயின் பக்கம் போவதே வழக்கம். கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு பகுதி வடமேற்காகத் திரும்பி பிரிட்டனுக்கு வரத் தொடங்கியது. பீட்டர் பெர்ட்டோல்டும் சகாக்களும் பிரிட்டனில் குளிர்காலத்தில் பிடித்த பிளாக்கேப்களை ஜெர்மனியில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். யாரும் வழிகாட்டாமலே குஞ்சுகளும் பெற்றோரைப் போல வடமேற்குத் திசையை நாடின. புதிய பயணத் திசை பரம்பரையாக இறங்குகிறது என்று 1992-இல் அவர்கள் அறிவித்தார்கள். இந்த வழி நிலைத்ததில் மிதமான குளிர்காலங்களோடு வீட்டுத் தோட்டத் தீனிக்கும் பங்குண்டு என்பதை பி.டி.ஓ. என்ற பறவையியல் அமைப்பின் 2015-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

இதன் விளைவு கிறிஸ்துமஸ் அலங்காரம் வரை வந்து நிற்கிறது. வாசலில் தொங்கவிடும் மிஸில்டோ, நம்மூர் மாமரத்தைப் பற்றும் புல்லுருவிக்குத் தூரத்து உறவு. அதன் வெண்ணிறப் பழத்தை மிஸில் திரஷ் பறவை முழுசாக விழுங்கும். எச்சத்தோடு விதைகள் எங்கெங்கோ விழும். பிளாக்கேப் அப்படிச் செய்வதில்லை. சதையைத் தின்றுவிட்டு, பிசுபிசுப்பான விதையை அலகிலிருந்து கிளையிலேயே தேய்த்து ஒட்டிவிடும். முளைப்பதற்கு அதைவிடத் தோதான இடம் அந்தச் செடிக்கு வாய்க்காது.

கிரேட் டிட்டின் அலகும் இந்த விவாதத்தில் உண்டு. பிரிட்டிஷ் கிரேட் டிட்களின் அலகு நெதர்லாந்துப் பறவைகளின் அலகைவிட நீளம். வைதம் பதிவுகளைப் பார்த்தால் அது சில பத்தாண்டுகளில் கூடியும் இருக்கிறது. நீள அலகோடு தொடர்புள்ள மரபணு வடிவத்தைக் கொண்ட பறவைகள் தீனிக்கூடுகளுக்கு அதிகம் வந்துபோவதை 2017-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு பதிவு செய்தது. தோட்டத் தீனி இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

கைநீட்டுபவரின் பொறுப்பு

தீனியோடு நோயும் பரிமாறப்படலாம். புறாக்களிடம் இருந்துவந்த டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி 2005-இல் ஃபின்ச் பறவைகளிடம் தாவியது. தொண்டையைத் தாக்கி விழுங்க விடாமல் செய்யும் இது, நோயுற்ற பறவை கக்கிவைத்த தானியம், தண்ணீர் வழியே அடுத்த பறவைக்குப் போகும். பல பறவைகள் ஒரே தட்டில் கூடும் தோட்டம் அதற்கு வசதி. பிரிட்டனின் எந்தத் தோட்டத்திலும் சாதாரணமாகக் காணக்கூடியதாக இருந்த கிரீன்ஃபின்ச், 2021-இல் ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குள் போய்விட்டது.

ஆகவே அங்கே பறவை அமைப்புகள் தரும் அறிவுரைகள் இப்போது கறாராக இருக்கின்றன. தீனிக்கூட்டை வாரம் ஒருமுறை கழுவிக் காயவிட வேண்டும். இடத்தை மாற்றி மாற்றித் தொங்கவிட வேண்டும். ஒரு நாளில் தீர்ந்துபோகும் அளவே வைக்க வேண்டும். குடிநீர்ப் பாத்திரம் உறையாமலும் அழுக்காகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் சிக்கும் என்பதால் பிளாஸ்டிக் வலையிலிட்ட கொழுப்பு உருண்டை கூடாது. கிறிஸ்துமஸ் வான்கோழியை வாட்டிய தட்டில் மிஞ்சும் கொழுப்பும் கூடாது. அது இறுகாமல் இறகில் அப்பி, குளிரைத் தடுக்கும் சக்தியையே கெடுத்துவிடும். போதாததற்கு உப்பும் சேர்ந்திருக்கும். உப்பில்லாத, நன்றாக உறையும் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ போதும்.

இத்தனை செய்தியும் நமக்கு வந்த வழியைக் கவனிக்க வேண்டும். பிளாக்கேப் பற்றிய 2015 ஆய்வும், கிரீன்ஃபின்ச் சரிவு பற்றிய கணக்குகளும் 1995 முதல் பி.டி.ஓ. நடத்திவரும் தோட்டப் பறவைப் பதிவிலிருந்து தரவு எடுத்தவை. வாரந்தோறும் தங்கள் தோட்டத்தில் என்ன வந்தது, எத்தனை வந்தது என்று குறித்து அனுப்பியவர்கள் சாதாரண வீட்டுக்காரர்கள். தீனி வைப்பதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டிருந்தால், தங்கள் தட்டிலிருந்தே நோய் பரவுகிறது என்பது தெரிய இன்னும் எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் கொடுப்பவர், கொடுத்தபின் என்ன ஆயிற்று என்பதையும் பார்த்து எழுதி வைத்தால்தான் அந்த ஈகை பறவைக்கு உண்மையில் உதவும்.