இலவசம் என்ற சொல்லும் கட்டற்ற என்ற சொல்லும்

வடசென்னையில் வயதானவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். 1780களின் பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய ஞாபகம் அந்தப் பெயரில் தங்கிவிட்டது. சத்திரம் ஆஸ்பத்திரியாகி, 1938இல் கவர்னர் ஸ்டான்லியின் பெயரில் மருத்துவக் கல்லூரியும் ஆன பிறகும் ஜனங்கள் பழைய பெயரை விடவில்லை. ஊற்றுகிறவர், கையேந்துகிறவர் என்ற ஓர் உறவு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. கஞ்சியில் கல் கிடந்தால் கையேந்தியவர் கேட்க முடியுமா? உச்சநீதிமன்றம் 1995இல் இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் டி.வி., மிக்ஸி மாதிரியான சாமான்களுக்கு மட்டும் வந்த சட்டமல்ல. காசு வாங்கிக்கொண்டு செய்கிற சேவையும் அதில் அடங்கியிருந்தது. வைத்தியம் சேவையா, இல்லையா என்பதில் சண்டை வந்தது. நோயறிதலும் சிகிச்சையும் இதில் வராது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, டாக்டரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே என்றது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே தீர்ப்பு ஆஸ்பத்திரிகளை மூன்றாகப் பிரிக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. எல்லாரிடமும் காசு வாங்குகிற இடம் சட்டத்துக்குள் வரும். சிலரிடம் வாங்கி ஏழைகளுக்குச் சும்மா பார்க்கிற இடமும் உள்ளே வரும், அங்கே சும்மா பார்த்துக்கொண்டவரும் நுகர்வோர்தான். எல்லாருக்குமே இலவசம் என்றால் வெளியே. ஓ.பி. சீட்டுக்குப் பேருக்கு வாங்குகிற ரூபாய் கணக்கில் வராது. நாம் கட்டுகிற வரியும் விலை ஆகாது.

ஆக, பக்கத்தில் பணக்காரன் ஒருவன் படுத்து பில் கட்டினால்தான் ஏழை நுகர்வோர் ஆகிறான். எல்லாருமே ஏழைகளாகப் படுத்திருக்கும் வார்டில் ஒருவர்கூட நுகர்வோர் இல்லை. 2007இல் உச்சநீதிமன்றம், சம்பளத்தில் சந்தா பிடிப்பதால் ஈ.எஸ்.ஐ. நோயாளியும் நுகர்வோரே என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதை எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு படித்துப் பாருங்கள். ஒரே ஷெட்டில், ஒரே பிரஸ் மிஷினில் இரண்டு பேருக்குக் கை போகிறது. பிடித்தம் உள்ளவர் அயனாவரம் ஈ.எஸ்.ஐ.க்குப் போகிறார், சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் ஆகிறார். காண்ட்ராக்டர் கணக்கில் பேர் ஏறாதவர் ஸ்டான்லிக்குப் போகிறார். அவர் யார்? பயனாளி. இந்தச் சொல்லை நம்முடைய அரசு அறிவிப்புகள் தேய்த்துத் தேய்த்து மழுக்கிவிட்டன. பயன் கொடுக்கப்படுகிறவர், அவ்வளவுதான். சிவில் கோர்ட் திறந்திருக்கிறது என்பார்கள், உண்மைதான். அரசு ஆஸ்பத்திரியில் கருத்தடை அறுவை தவறிப்போன ஹரியானா கூலிப் பெண் ஒருவர் அந்த வழியில் போய், 2000இல் உச்சநீதிமன்றம்வரை நின்று ஜெயித்திருக்கிறார். எத்தனை பேருக்கு அந்தக் கால் இருக்கிறது?

விலை தரவில்லை என்கிறார்களே, அதையே கொஞ்சம் கிளறலாம். மிஷேல் ஃபூக்கோ 'மருத்துவகத்தின் பிறப்பு' (1963) நூலில் பணக்காரனுக்கும் ஏழைக்கும் இடையிலான ஒரு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறார். தர்ம ஆஸ்பத்திரியில் ஏழை தன் உடம்பைப் பார்வைக்குக் கொடுக்கிறான். அங்கே பிறக்கிற அறிவு பிறகு பணக்காரனுடைய நோயைத் தீர்க்கப் போகிறது. பாரிஸுக்குச் சொன்னது ராயபுரத்துக்குப் பொருந்துமா என்று சந்தேகப்படுவோருக்கு: ஸ்டான்லியில் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைத் துறை இந்தியாவில் அந்தத் துறைக்கே முன்னோடி. அந்தத் திறமைக்கு முன்னால் தலைவணங்க வேண்டும், எத்தனையோ பேருடைய விரல்கள் அங்கே காப்பாற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த அறிவு எதிலிருந்து சேர்ந்தது? திருவொற்றியூர், எண்ணூர், துறைமுகம் பகுதிகளில் எந்திரத்தில் சிக்கி நசுங்கிய கைகளிலிருந்து. மாணவர்கள் சுற்றி நிற்க நீட்டப்பட்ட கைகள் அவை. இதற்கு மேலும் என்ன விலை தர வேண்டும்? கோர்ட்டின் அகராதியில் இது 'பிரதிபலன்' ஆகாது. அங்கே ரசீது வேண்டும்.

இலவசம் என்ற சொல்லைக் கறாராகப் பார்த்தவர்கள், எனக்குத் தெரிந்து, மென்பொருள் எழுதுகிறவர்கள்தான். தடம் மாறுவதாக நினைக்க வேண்டாம், ஒரே சொல்லின் பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மேனுக்கு ஒரு பிரிண்டர் தொல்லை கொடுத்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். அதன் நிரலைக் கொடுத்தால் நாமே சரிபண்ணலாம் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1983இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்த எரிச்சலும் உண்டு. இயக்கலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று நான்கு உரிமைகள். இங்கிலீஷில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் ஓசியையும் சுதந்திரத்தையும் குறிப்பதால் அவர் ஆயுசு முழுக்க விளக்கம் சொல்லவேண்டி வந்தது. தமிழில் அந்தச் சங்கடம் இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு. கட்டற்ற மென்பொருள் என்று நம் ஆட்கள் அழகாகவே பெயர் வைத்தார்கள்.

பெயர் இருந்தது, பொருள் ஊறவில்லை. 2006 தேர்தலுக்குப் பிறகு வந்தது 'இலவச' வண்ணத் தொலைக்காட்சி. 2011இல் ஆட்சி மாறியதும் அந்தச் சொல்லே மாறி 'விலையில்லா' மடிக்கணினி ஆயிற்று. கை நீட்டுகிற வாடையைப் போக்கத்தான் அந்த மாற்றம் என்று நினைக்கிறேன். கல்லூரியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒன்று கிடைத்தது. நல்ல திட்டம், நான் டைப்படிக்கக் கற்றது அதில்தான். அந்தக் கணினியில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. 'அது சும்மா குடுத்தது மச்சான், தூக்கிடு' என்றான் நண்பன். தூக்கிவிட்டோம். கணினியே சும்மா கொடுத்ததுதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. உள்ளே திறந்து பார்க்கிற உரிமையோடு வந்த ஒரே பொருளை, ஓசி என்ற ஒரே காரணத்துக்காக அழித்தோம்.

காசிமேட்டில் விசைப்படகு எஞ்சினைப் பிரித்துப்போட்டிருக்கும் மிஸ்திரியிடம் போய் இந்தத் தத்துவத்தையெல்லாம் சொல்லத் தேவையில்லை. பிரிக்க முடியாத எஞ்சினைக் கடலுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்பார். நாமோ ஒட்டிச் செய்த செல்போனை, பிரித்தால் வாரண்டி போச்சு என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை, கேள்வியில்லாமல் வாங்குகிறோம். செல்போன் போனால் போகட்டும். மூடிய பெட்டி ஆஸ்பத்திரிக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கேஸ் இருக்கிறது.

கனடாவில் தயாரான தெராக்-25 என்ற கதிர்வீச்சு எந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 பேருக்கு அளவுக்கு மீறிக் கதிரைப் பாய்ச்சியது. சிலர் செத்தார்கள். பழைய மாடல்களில் தவறைத் தடுக்க இரும்பிலேயே பூட்டுகள் இருந்தன. இதில் அவற்றை எடுத்துவிட்டு நிரலை நம்பினார்கள். எரிகிறது என்று நோயாளிகள் சொன்னபோது, எங்கள் எந்திரத்தில் அப்படி நடக்கவே வாய்ப்பில்லை என்பது கம்பெனியின் பதில். 1986இல் டெக்சாஸில், டைலர் நகரத்து ஆஸ்பத்திரியின் இயற்பியலாளரும் எந்திரத்தை ஓட்டிய ஆபரேட்டரும் சேர்ந்து திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்கள். தவறாக அடித்த எழுத்தை 8 விநாடிக்குள் வேகமாகத் திருத்தினால், எந்திரம் அந்தத் திருத்தத்தை முழுசாக வாங்கிக்கொள்வதில்லை. கை பழகிய ஆபரேட்டர்தான் அவ்வளவு வேகமாக அடிப்பார். 'பழுது 54' என்று திரையில் வரும். அது என்னவென்று யாருக்கும் விளங்கும்படி கையேட்டில் எழுதியிருக்கவில்லை. இவர்கள் அந்தப் பிழையைத் திரும்ப வரவழைத்துக் காட்டிய பிறகுதான் கம்பெனி நம்பியது.

திறந்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இணையத்தின் பாதிப் பூட்டுகளுக்கு ஆதாரமான ஓப்பன்-எஸ்.எஸ்.எல். நிரல் எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் கிடந்தது. அதிலிருந்த 'ஹார்ட்ப்ளீட்' ஓட்டையை இரண்டு வருஷம் கழித்து 2014இல்தான் கண்டுபிடித்தார்கள். படிக்க ஆள் இல்லையென்றால் திறந்த புத்தகமும் மூடின மாதிரிதான்.

ஆஸ்பத்திரியின் நிரல் என்பது கேஸ் ஷீட். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார், என்ன சொன்னார் எல்லாம் அதில் இருக்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்கவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. உள்நோயாளி ஆவணங்களை 3 வருஷம் வைத்திருக்கவும் வேண்டும். இது டாக்டர் மீதுள்ள கடமை. காசு கட்டினவனுக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை. அரசு ஆஸ்பத்திரி என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் கூட வரும். நஷ்டஈடு கேட்கிற வாசலில் ஸ்டான்லி நோயாளியை நிறுத்திவிட்ட சட்டம், படித்துப் பார்க்கிற வாசலை அடைக்கவில்லை. நம் நுகர்வோர் இயக்கங்கள் முதல் வாசலிலேயே நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன என்பது என் குறை. படித்துச் சொல்ல ஆள் எங்கே என்று கேட்பீர்கள். டாக்டர் மேல் குற்ற வழக்கு என்றால் முதலில் இன்னொரு டாக்டரின், முடிந்தால் அரசு டாக்டரின், கருத்தை வாங்கச் சொன்னது 2005இல் வந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. இரவு முழுக்க நூறு பேரைப் பார்க்கிற டூட்டி டாக்டரைப் போலீஸிடமிருந்து காப்பாற்ற அது வேண்டியதுதான். அதே நேரத்தில், படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

2022 நவம்பரில் வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனைக்குப் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் ஜவ்வு அறுவை நடந்தது. இறுக்கிக் கட்டிய கட்டால் ரத்த ஓட்டம் நின்றது. காலை எடுத்தார்கள். பிறகு உயிரும் போயிற்று. கவனக்குறைவு என்று அரசே ஒப்புக்கொண்டது. இரண்டு டாக்டர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள், வழக்கு பதிவாயிற்று. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், ஒரு வீடு, அண்ணன் தம்பியில் ஒருவருக்கு வேலை. கொடுத்தது சரி. ஆனால் ஊர் கொதித்தது, டி.வி. வந்தது, அதனால் கிடைத்தது. ஊர் கொதிக்காத மற்றக் கட்டுகளுக்கு? கஞ்சித் தொட்டியில் ஊற்றியது போலத்தான் இதுவும் ஊற்றப்பட்டது. கட்டு எத்தனை மணிக்குப் போடப்பட்டது, வலி என்று அந்தப் பெண் எத்தனை முறை சொன்னாள், யார் வந்து பார்த்தார்கள் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கவேண்டிய வரிகள்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் அத்தைக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பித்தப்பை அறுவை நடந்தது. காய்ச்சல் விடாமல் இரண்டாவது முறை திறந்தார்கள். பிழைத்துக்கொண்டார். நான் போய் கேஸ் ஷீட் நகல் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார்.

'ஏன் சார், கேஸ் எதுனா போடப்போறீங்களா?'

'இல்லம்மா, படிக்கத்தான்.'

'படிச்சி இன்னா சார் பண்ணப்போறீங்க?'

பதில் வரவில்லை எனக்கு. நான்காவது தடவை எழுதிக் கொடுத்தபிறகு 40 பக்கத்துக்கு ஜெராக்ஸ் கிடைத்தது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆன பக்கத்து வீட்டு அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தார். மூன்றாம் நாள் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை காய்ச்சல் சார்ட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கட்டங்களில் விரலை வைத்து, 'இந்த நேரத்துல யாரும் வரலடா தம்பி' என்றார். அத்தை கட்டிலில் படுத்தபடி, 'அதத்தான நான் அன்னிக்கே சொன்னேன்' என்றார்.