உறையும் வரிவடிவமும்: தனிசாக்கியின் ‘திறவுகோல்’

ஜூனிச்சிரோ தனிசாக்கியின் ‘காகி’ என்னும் புதினம் 1956ஆம் ஆண்டு ‘சூஓ கோரோன்’ இதழில் தொடராக வெளிவந்தது. ‘காகி’ என்பதற்குத் திறவுகோல் என்று பொருள். தொடர் முடியுமுன்பே அது ஆபாசமானதா என்னும் வினா ஜப்பானிய நாடாளுமன்றத்தில் எழுந்தது. லாரன்சின் ‘சாட்டர்லி சீமாட்டியின் காதலன்’ நாவலை மொழிபெயர்த்த இதோ செய் மீதான வழக்கு அப்போது நிலுவையில் இருந்தது. 1957இல் உச்ச நீதிமன்றம் அவரது தண்டனையை உறுதிசெய்தது. இவ்வாறு, நூலைப் பிரிக்குமுன்பே வாசகருக்கு அதைப்பற்றிய ஒரு கருத்து உருவாகிவிட்டது.

தலைப்பு, அட்டை, விளம்பரம் ஆகியவற்றைப் பிரெஞ்சு அறிஞர் ழெரார் ழெனெத் 1987இல் பனுவலின் வாயிற்படிகளாகக் கண்டு ஆராய்ந்தார். ஜப்பானிய நூல்களுக்கு இன்னுமொரு வாயிற்படி உண்டு. அட்டையின் கீழ்ப்பகுதியைச் சுற்றி வரும் காகிதப் பட்டைக்கு, கிமோனோவின் இடைக்கச்சையின் பெயரான ‘ஓபி’ என்பதே பெயர். பதிப்பகத்தார் உரக்கச் சொல்ல விரும்புவதெல்லாம் அதில் இடம்பெறும். வாங்கியவர் அதைக் கழற்றி எறிந்துவிடலாம். அதில் படித்த சொற்களை அவ்வளவு எளிதில் எறிய இயலாது.

‘காகி’யின் உண்மையான துணிச்சல் அதன் எழுத்திலேயே உள்ளது. ஐம்பத்தாறு வயதுப் பேராசிரியரும் அவர் மனைவி இக்குகோவும் தனித்தனியே எழுதும் நாட்குறிப்புகளால் ஆனது இப்புதினம். கணவரின் குறிப்புகள் காஞ்சியுடன் கதகானாவிலும், மனைவியின் குறிப்புகள் காஞ்சியுடன் ஹிரகானாவிலும் அமைந்துள்ளன. போருக்கு முன்னர்ச் சட்டங்களும் புலமைசார் எழுத்தும் பெரிதும் கதகானாவில் எழுதப்பட்டன. ஹிரகானாவோ பழங்காலத்தில் ‘பெண்கை’ எனப்பட்டது. போருக்குப் பின் ஹிரகானாவே பொதுவழக்காகிவிட்டமையால், 1956இல் கதகானாவில் அந்தரங்கம் எழுதும் ஒருவர் பழமையும் விறைப்பும் உடையவராகத் தோன்றுவார். வாசகரின் கண்ணும் அப்பக்கங்களில் தடுமாறும்.

இருவரும் மற்றவர் படிப்பார் என்று அறிந்தே எழுதுகின்றனர். படிக்கவில்லை என்றும் எழுதுகின்றனர். கணவர் இறந்த பின்னரே, மனைவியின் மென்மையான எழுத்தில் பொய் கலந்திருந்தமை அவள் வாயிலாகவே வெளிப்படுகிறது.

சந்தைப்படுத்தல் இதைத் தொடவேயில்லை. கோன் இச்சிகாவாவின் 1959ஆம் ஆண்டுத் திரைப்படம் ஆங்கிலத்தில் ‘விநோத மோகம்’ என்று பொருள்படும் ‘ஆட் அப்செஷன்’ ஆயிற்று. திறவுகோல் என்னும் சொல் தன் பூட்டையே இழந்தது. தலைப்பில் இருந்த புதிரை நீக்கி, அதன் இடத்தில் தீர்ப்பை வைத்தனர் என்பதே பொருந்தும்.

வரிவடிவம் ஒன்றே உடைய தமிழில் இதை எவ்வாறு பெயர்ப்பது? சாய்வெழுத்து இரு கைகளைப் பிரித்துக் காட்டும். வயதையும் புலமையையும் பாலையும் காட்டாது. கணவருக்கு வடசொல் மிகுந்த பழைய உரைநடையையும் மனைவிக்கு எளிய நடையையும் தரலாம் என்பது உடனே தோன்றும் வழி. ஆனால் மனைவியின் நடையை முற்றிலும் கள்ளமற்ற பேச்சாக மாற்றிவிட்டால், கணவரைப் போலவே மொழிபெயர்ப்பாளரும் அவளை நம்பி ஏமாந்தவராவார். அவளுடைய எளிமையில் சற்றே மிகையான ஒழுங்கு தெரியவேண்டும். அந்த மிகையைப் பதிப்பாசிரியர் பிழையென்று கருதித் திருத்திவிடாதிருக்க, கைப்படியோடு ஒரு குறிப்பை இணைப்பது நல்லது. பின்னட்டை வாசகத்தையும் மொழிபெயர்ப்பாளரே எழுதித் தரலாம்; அதில் நாடாளுமன்றத்துக்கு ஒரு வரியும் கதகானாவுக்கு இரண்டு வரியும் போதும்.